கோடு போட்டது யார்? அசைவை வெட்டும் அல்கோரிதங்களும் ஒரு தடித்த எழுத்து அட்டவணையும்

உங்கள் கம்பஸிலோ, யூடியூபிலோ இதைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒரு பிள்ளை பரதநாட்டியம் ஆடுகிறது. கீழே நிறம் நிறமாக ஒரு பட்டி ஓடுகிறது. சிவப்பு வந்தால் ஒரு அடவு, நீலம் வந்தால் அடுத்த அடவு. பிறகு ஒரு அட்டவணை வரும். இடப்பக்கம் நாலைந்து அல்கோரிதங்களின் பெயர், வலப்பக்கம் சதவீதம். கடைசி வரியில், தடித்த எழுத்தில், செய்தவரின் சொந்த அல்கோரிதம். முதலிடம் எப்போதும் அதற்குத்தான். எல்லாரும் கைதட்டுவார்கள்.

நான் தட்ட மாட்டேன். நீங்களும் அவசரப்பட்டுத் தட்டாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அட்டவணை பொய் எண்களால் ஆனது என்று நான் சொல்லவில்லை. எண்கள் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் மூன்று கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. சரியான வெட்டு இதுதான் என்று கோடு போட்டது யார்? அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போனால் மன்னிப்பு? எதற்காக வெட்டுகிறோம்? இந்த மூன்றையும் சொல்லாமல் ‘எது சிறந்த அல்கோரிதம்’ என்று கேட்பது, தூரம் சொல்லாமல் யார் வேகமான ஓட்டக்காரர் என்று கேட்பதைப் போன்றது.

உடம்பு இடைவெளி விட்டு எழுதுவதில்லை

பழைய ஓலைச்சுவடியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இருக்காது. எழுத்துகள் ஒரே ஓட்டமாக ஓடும். பதிப்பித்தவர்கள்தான் உட்கார்ந்து பதம் பிரித்தார்கள். ‘பலகை’ என்று இருந்தால் அது மரப்பலகையா, பல கைகளா? எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். எழுத்தைப் பார்த்து மட்டும் அதைத் தீர்மானிக்க முடியாது. பாட்டு எதைப் பற்றியது என்று தெரிய வேண்டும்.

உடம்பின் அசைவும் அப்படித்தான். நடந்து வந்து, குனிந்து, பெட்டியைத் தூக்கி, திரும்பி, மேசையில் வைக்கிறீர்கள். வாயால் சொல்லும்போது ஐந்து வினைச்சொல். உடம்புக்கு அது ஒரே ஓட்டம். கடைசி அடி வைக்கும்போதே முதுகு குனியத் தொடங்கிவிடும். நடை எங்கே முடிந்தது, குனிவு எங்கே தொடங்கியது? கமரா செக்கனுக்கு 120 படம் எடுத்தாலும் எந்தப் படத்திலும் ‘இங்கே எல்லை’ என்று எழுதியிருக்காது.

அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் அசைவைப் பிரிக்கும் அல்கோரிதங்களின் வேலை. பல வகை இருக்கின்றன. நான்கைச் சொல்கிறேன்.

முதல் வகை, வேகத்தைப் பார்ப்பது. கை ஒரு பக்கம் போய்த் திரும்பும்போது ஒரு கணம் அதன் வேகம் பூச்சியமாகும். அங்கே வெட்டு. 2002இல் ஃபாட், ஜென்கின்ஸ், மட்டாரிச் ஆகியோர் கை அசைவுகளை இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். எளிமையானது, வேகமானது. ஆனால் கை நிற்காமல் வட்டமாகச் சுழன்றால் தடுமாறும். நடுங்கும் கை என்றால் நூறு இடத்தில் வெட்டும்.

இரண்டாம் வகை, மாற்றத்தைப் பார்ப்பது. நடப்பதைச் சில எண்களால் சுருக்கி எழுதலாம். நடை தொடரும் வரை அந்தச் சுருக்கம் பொருந்தும். ஓடத் தொடங்கினால் பொருந்தாமல் பிழை கூடும். பிழை கூடிய இடமே எல்லை. 2004இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பார்பிச் குழு இந்த எண்ணத்தின் வழிவந்த முறை உட்பட மூன்று முறைகளை மனிதர்கள் போட்ட கோடுகளோடு ஒப்பிட்டது.

மூன்றாம் வகை, ஒத்த துண்டுகளைத் தேடிக் கூட்டம் சேர்ப்பது. ஒரே அசைவை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை விரைவாகவும் செய்தாலும், நேரத்தை இழுத்தும் சுருக்கியும் பார்த்து ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று கண்டுபிடிக்கும். ஷோ, டி லா டொரே, ஹாட்ஜின்ஸ் ஆகியோரின் முறை இதற்கு நல்ல உதாரணம். ஆனால் எத்தனை வகை அசைவு இருக்கிறது என்று முன்கூட்டியே அதற்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது யார்? மனிதர்தான்.

நான்காம் வகை, மனிதர்கள் கோடு போட்டுக் கொடுத்த காணொளிகளைப் பார்த்துப் படிப்பது. 2019இல் அபு ஃபர்ஹாவும் கால் என்பவரும் வெளியிட்ட பல கட்ட நரம்பு வலையமைப்பு இந்த வகை. இது மிகத் திறமையான மாணவர். ஆனால் மாணவர்தான். ரீச்சர் பிழையாகச் சொல்லிக்கொடுத்தால் பிழையை அச்சொட்டாகப் படித்துக்கொள்ளும்.

மன்னிப்பு எவ்வளவு?

இப்போது அட்டவணைக்கு வருவோம். பார்பிச் குழு பயன்படுத்திய கார்னெகி மெலன் பதிவுகளில் 86ஆம் எண் கொண்ட ஆளின் 14 பதிவுகள் இந்தத் துறையில் பெயர்பெற்றவை. பலரும் தங்கள் அல்கோரிதத்தை அவற்றில்தான் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தப் பதிவுகளில் நடக்கிறார், ஓடுகிறார், குதிக்கிறார், குத்துகிறார், உதைக்கிறார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அசைவுகள். தொடக்க ஆய்வுக்கு அது நியாயமான தெரிவு. ஆனால் அது ஒரே ஒரு மனிதரின் உடம்பு. அங்கே முதலிடம் வந்தது உங்கள் அம்மம்மாவின் முழங்கால் பயிற்சியிலும் முதலிடம் வரும் என்று யார் சொன்னது?

அடுத்தது மன்னிப்பு எல்லை. மனிதர் போட்ட கோட்டிலும் அல்கோரிதம் போட்ட கோட்டிலும் சிறு வித்தியாசம் இருந்தால் ‘சரி’ என்று எடுத்துக்கொள்வார்கள். எவ்வளவு சிறிது? ஒரு அல்கோரிதம் எப்போதும் 0.3 செக்கன் பிந்தி வெட்டுகிறது என்று வையுங்கள். மன்னிப்பு 0.5 செக்கன் என்றால் அதற்கு முழுப் புள்ளி. 0.2 செக்கன் என்றால் முட்டை. அல்கோரிதம் மாறவில்லை, மாறியது அளவுகோல் மட்டும்.

இன்னும் மோசமான ஒன்று சொல்கிறேன். செக்கனுக்கு ஒரு எல்லை வரும் அசைவை எடுங்கள். ஒரே சீராக நடக்கும் கால்களை நினையுங்கள். மன்னிப்பு அரைச் செக்கன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் கோடு போடுங்கள். எந்தக் கோடும் ஏதாவது ஒரு எல்லைக்கு அரைச் செக்கனுக்குள்தான் விழும். அசைவைப் பார்க்காமலே நூறு சதவீதம்! ஆகவே ஒரு அட்டவணையில் கண்மூடி வெட்டின் புள்ளியும் பக்கத்தில் இல்லாவிட்டால், மற்ற எண்களை வியப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

99 சதவீதம், ஆனால் பயனில்லை

மூன்றாவது தந்திரம் அளக்கும் முறையில் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். 60 செக்கன் காணொளி, செக்கனுக்கு 30 படம், மொத்தம் 1800 படம். அதில் மூன்று பயிற்சி, ஒவ்வொன்றும் 20 செக்கன்.

‘அ’ என்ற அல்கோரிதம் எல்லைகளைச் சரியாகப் பிடிக்கிறது. ஆனால் நடுவில் பத்து இடத்தில் ஒவ்வொரு படத்துக்கு மட்டும் தடுமாறி வேறு பெயர் சொல்கிறது. 1800இல் 1790 சரி, அதாவது 99.4 சதவீதம். ‘ஆ’ என்ற அல்கோரிதம் மூன்று துண்டுகளையும் சரியான வரிசையில் பிடிக்கிறது. ஆனால் இரண்டு எல்லைகளிலும் இரண்டு செக்கன் பிந்துகிறது. 60 செக்கனில் 56 சரி, 93.3 சதவீதம்.

அட்டவணையில் ‘அ’தான் வெற்றி. ஆனால் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். இருந்தது 3. ‘அ’ காட்டுவது 23. பக்கவாதம் வந்து வீட்டில் கைப்பயிற்சி செய்யும் ஒருவருக்கு ‘இன்று எத்தனை தடவை செய்தீர்கள்’ என்று எண்ணிச் சொல்ல வேண்டிய கருவி இது என்றால், 99 சதவீத அல்கோரிதம் குப்பை, 93 சதவீத அல்கோரிதம் தங்கம்.

துறையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் துண்டுகளின் வரிசையை ஒப்பிடும் அளவையும், துண்டுக்குத் துண்டு 10, 25, 50 சதவீதம் மேற்படிகிறதா என்று பார்க்கும் அளவையும் கொண்டுவந்தார்கள். 2019இன் அந்த நரம்பு வலையமைப்பிலும், இப்படித் துண்டு துண்டாக நறுக்குவதைக் குறைப்பதற்கென்றே தனி ஏற்பாடு செய்தார்கள். அறிந்தவர்கள் கவனமாகத்தான் இருக்கிறார்கள். கவனத்தைக் கழற்றி எறிவது செயலி விற்பவர்களும் அவசரமாக புரொஜெக்ட் முடிப்பவர்களும். அவர்கள் கையில் கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு பெரிய எண்.

‘சரியான விடை’ எங்கிருந்து வந்தது?

ஆனால் இது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. மனிதர் போட்ட கோட்டை ஏன் உண்மை என்று எடுக்க வேண்டும்?

1973இல் டாரன் நியூட்சன் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். மனிதர்கள் ஏதோ செய்யும் காட்சியைப் பார்ப்பவர்களிடம் கொடுத்து, ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்குவதாகத் தோன்றும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார். ஒரு பகுதியினரிடம் பெரிய பெரிய துண்டாகப் பாருங்கள் என்றார், மற்றவர்களிடம் நுணுக்கமாகப் பாருங்கள் என்றார். ஒரே காட்சி, ஆனால் துண்டுகளின் எண்ணிக்கை வேறு. ‘தேநீர் போட்டார்’ என்பதும் சரி. ‘கேத்தலை எடுத்தார், தண்ணீர் விட்டார், பொத்தானை அமத்தினார்’ என்பதும் சரி.

ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் 25 பேர் ஆளுக்கு இரண்டு சலட் செய்த பதிவுகள் இந்தத் துறையில் மிகவும் பிரபலம். அதே பதிவுகளையே சிலர் 17 வகைச் செயலாகப் பிரித்தும், சிலர் சுருக்கி 9 வகையாகப் பிரித்தும் அல்கோரிதங்களைச் சோதித்திருக்கிறார்கள். அதே வெள்ளரிக்காய், அதே கத்தி. எண் மட்டும் மாறும்.

இதைப் பரதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்கள் கினெக்ட் கமராவால் அடவுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்திருக்கிறார்கள். உடம்பை மட்டும் பார்க்காமல் சொல்லுக்கட்டின் தாளத் தட்டையும் துணைக்கு எடுத்தார்கள். அது புத்திசாலித்தனமான முடிவு. ஏன் என்று ஆடிய எவருக்கும் தெரியும். தட்டடவில் அரைமண்டியில் இருக்கிறோம், இரண்டு கையும் இடுப்பில். கை அசைவதே இல்லை. கையின் வேகத்தைப் பார்க்கும் அல்கோரிதம் ‘இங்கே ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லும். முழங்கால் எரிகிற எங்களிடம் வந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும்! எல்லை இருப்பது காலிலும் தட்டுக்கழியிலும். அதே அடவை இரண்டாம் காலத்தில் ஆடினால் ஒவ்வொரு துண்டின் நீளமும் பாதியாகும், மூன்றாம் காலத்தில் மறுபடி பாதி. ‘ஒரு துண்டு குறைந்தது இவ்வளவு நேரம் இருக்க வேண்டும்’ என்று எழுதி வைத்த அல்கோரிதம் அங்கேயே விழுந்துவிடும்.

கைமுத்திரையை எடுங்கள். பதாகத்துக்கும் திரிபதாகத்துக்கும் உள்ள வித்தியாசம் மோதிர விரல் மடங்குவது. கினெக்டின் இரண்டாம் பதிப்பு உடம்பில் 25 புள்ளிகளைப் பார்க்கும். அதில் கைக்கு வருவது மணிக்கட்டு, உள்ளங்கை, கைநுனி, பெருவிரல். மோதிர விரல் அதன் உலகத்திலேயே இல்லை. பார்க்காத ஒன்றை எந்த அல்கோரிதமும் வெட்டாது. அல்கோரிதங்களை ஒப்பிடுவதற்கு முன் கமரா என்ன பார்த்தது என்று கேளுங்கள்.

இனி முக்கியமான இடம். பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்திரா என்று பாணிகள் இருக்கின்றன. அடவின் பெயரும், வகையும், கை முடியும் இடமும் பாணிக்குப் பாணி வேறுபடும். ஒரு புரொஜெக்ட்டில் ஒரே ஒரு ரீச்சர் கோடு போட்டால், அந்த ரீச்சரின் பாணிதான் ‘உண்மை’. வேறு பாணியில் படித்த பிள்ளை ஆடினால் திரையில் சிவப்பு வரும். பிழை! அந்தப் பிள்ளை பிழையாக ஆடவில்லை. அதன் குருவின் குருவின் குருவை அட்டவணை கணக்கில் எடுக்கவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் எத்தனை பாணி ரீச்சர்மார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இப்படி ஒரு செயலி நாளைக்குத் தரப் பரீட்சைக்குள் நுழைந்தால், புள்ளி கிடைக்கும் பாணி வாழும், கிடைக்காத பாணி மெல்லச் சாகும். ஒருவரும் தடை போட வேண்டாம். சிவப்பு வெளிச்சமே போதும்.

‘கலையை வெட்டக்கூடாது’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

இதை வாசித்துவிட்டு ‘அதுதானே, எங்கள் கலை தெய்வீகமானது, இயந்திரத்துக்கு அங்கே வேலை இல்லை’ என்று சிலர் என் பக்கம் வந்து நிற்பார்கள். மன்னிக்க வேண்டும், அந்தப் பக்கமும் நான் இல்லை.

வெட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. அடவு என்பதே ஒரு வெட்டு. கோர்வை, தீர்மானம் எல்லாம் ஆட்டத்தைத் துண்டாக்கிப் பெயர் வைத்த முறைகள். தட்டுக்கழியோடு உட்கார்ந்த நட்டுவனார், ஓடும் உடம்பைப் பதம் பிரித்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர். அந்த வெட்டு இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் படித்த ஒருவர் ஒஸ்லோவில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. பிரச்சினை வெட்டுவதில் இல்லை. யாருக்காக வெட்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

அதற்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதி தொழிலாளரின் கையசைவுகளைப் படமெடுத்துத் துண்டாக்கினார்கள். தேடு, எடு, நகர்த்து, விடு என்று ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்தார்கள். தங்கள் குடும்பப் பெயரையே திருப்பிப் போட்டு அந்தத் துண்டுகளுக்கு ‘தெர்பிளிக்’ என்று பெயர். அந்தப் பட்டியலில் ‘ஓய்வு’ ஒரு துண்டு. ‘தவிர்க்க முடியாத தாமதம்’ ஒரு துண்டு. ‘தவிர்க்கக்கூடிய தாமதம்’ இன்னொரு துண்டு. கை ஒரு கணம் நின்றால் அது களைப்பா, யோசனையா, சோம்பலா? அதைத் தீர்மானித்தது வேலை செய்தவர் இல்லை, பக்கத்தில் நின்று அளந்தவர். 1948இல் வெளிவந்த இன்னொரு முறை மனித அசைவை 0.036 செக்கன் அலகுகளில் அளந்தது. மணித்தியாலத்தில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு!

எங்கள் அப்பா அம்மாமாரில் எத்தனை பேர் இந்த நாடுகளுக்கு வந்து தொழிற்சாலையிலும் பொதி கட்டும் இடத்திலும் துப்புரவு வேலையிலும் நின்றார்கள்! அவர்களுடைய கை நின்ற கணத்துக்கு யார் பெயர் வைத்தார்கள் என்பது எங்களுக்கு வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருக்க முடியாது. அன்று கையால் செய்த அந்த வேலையை இன்று கமராவும் அல்கோரிதமும் செய்யலாம். அப்போதும் ‘98 சதவீதம் துல்லியம்’ என்றுதான் சொல்வார்கள். எதில் துல்லியம்? ‘தவிர்க்கக்கூடிய தாமதம்’ என்று முதலாளி போட்ட கோட்டை அப்படியே திருப்பிப் போடுவதில்.

அதே தொழில்நுட்பம் நல்லதும் செய்யும். 2014இல் வெளியான ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத் தரவுத்தொகுப்பு ஒன்றில் எட்டு சத்திரசிகிச்சை நிபுணர்கள், ரோபோ கையால் தையல் போடுவது, முடிச்சுப் போடுவது, ஊசி கடத்துவது ஆகிய மூன்றையும் செய்தார்கள். எந்த அசைவில் தடுமாறுகிறோம் என்று பழகுபவருக்குக் காட்டவே அங்கே வெட்டுகிறார்கள். அதோடு, ஒருவரை முழுதாக ஒதுக்கி வைத்து, மற்ற ஏழு பேரிடம் மட்டும் படித்த அல்கோரிதம் இந்த எட்டாவது ஆளைப் புரிந்துகொள்கிறதா என்று சோதிக்கும் முறையையும் வகுத்தார்கள். இதுதான் நேர்மையான பரீட்சை. வீட்டுக்கு வரும் கருவி எப்போதும் முன்பின் தெரியாத உடம்பைத்தான் பார்க்கப்போகிறது.

ஆகவே, தம்பி தங்கச்சிமாரே

உங்களில் பலருக்கு இரண்டும் தெரியும். பைத்தனும் தெரியும், அரைமண்டியும் தெரியும். அப்படி இரண்டும் தெரிந்தவர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. நீங்கள் இந்த புரொஜெக்ட்டைச் செய்யுங்கள். செய்யாமல் விட்டால் அடவே தெரியாத ஒருவர் செய்வார். ஆனால் செய்தால் இப்படிச் செய்யுங்கள்.

ஒன்று: கோடு போட ஒருவர் போதாது. வெவ்வேறு பாணியைச் சேர்ந்த மூன்று பேரையாவது பிடியுங்கள். அவர்கள் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை மறைக்காமல் வெளியிடுங்கள். மனிதரும் மனிதரும் 85 சதவீதம்தான் ஒத்துப்போகிறார்கள் என்றால், உங்கள் அல்கோரிதம் ஒருவரோடு 97 சதவீதம் ஒத்துப்போவது பெருமையில்லை. அது அவர் ஒருவரின் பழக்கத்தை மனப்பாடம் செய்திருக்கிறது.

இரண்டு: மன்னிப்பு எல்லை ஒன்றை மட்டும் தெரிவுசெய்து காட்டாதீர்கள். 0.1, 0.25, 0.5 செக்கன் மூன்றுக்கும் எண்ணைப் போடுங்கள். பக்கத்தில் கண்மூடி வெட்டின் எண்ணும் இருக்கட்டும்.

மூன்று: அல்கோரிதம் ஒருபோதும் பார்க்காத ஆளில் சோதியுங்கள். சின்னப் பிள்ளை, வயது போனவர், பருமனானவர், முழங்கால் நோவோடு ஆடுபவர் எல்லாரும் அதில் இருக்க வேண்டும்.

நான்கு: எதற்காக வெட்டுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். பழகுவதற்கா, எண்ணுவதற்கா, ஆவணப்படுத்துவதற்கா, புள்ளி போடுவதற்கா? புள்ளி போடுவதற்கு என்றால் ஒரு தடவைக்கு மூன்று தடவை யோசியுங்கள்.

ஐந்து: பதிவு செய்யும் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் ரீச்சரிடமும் அனுமதி கேளுங்கள். அந்த உடம்பு உங்கள் தரவு ஆவதற்கு முன் அவர்களுடையது.

இதையெல்லாம் செய்தால் உங்கள் அட்டவணையில் தடித்த எழுத்து ஒரு வரியில் மட்டும் இருக்காது. இங்கே இது வென்றது, அங்கே அது வென்றது என்று கலந்து கிடக்கும். பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பரிசும் கிடைக்காமல் போகலாம். ஆனால் வாசிப்பவர் தன் தேவைக்கு எதை எடுப்பது என்று அதிலிருந்து தெரிந்துகொள்வார். ஒப்பீடு என்று ஒன்றைச் செய்வது அதற்காகத்தானே?

அடுத்த முறை யாராவது நிறப் பட்டியும் பெரிய சதவீதமும் காட்டினால் கையை உயர்த்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கோடு போட்டது யார்?” பதில் வந்த பிறகு கைதட்டலாம்.